பாக்ஸா, ரிசீவரா: முதலில் எதை மாற்றுவது?

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் திருச்சியிலிருந்து மச்சான் போன் செய்தார். "மாப்ள, போனஸ் வந்திருக்கு. ஹோம் தியேட்டர் ரிசீவரை மாத்திரலாம்னு இருக்கேன். எது நல்லதுன்னு சொல்லுங்க."

எதற்கு மாற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "எட்டு வருசம் ஆச்சுல்ல" என்றார். அவர் வீட்டு மிக்ஸிக்குப் பன்னிரண்டு வயது. அதை யாரும் வயதைக் காட்டி மாற்றவில்லை. "என்ன குறைன்னு சொல்லுங்க மச்சான்" என்றேன் மறுபடி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சண்டை, பாட்டெல்லாம் வீடே அதிருது. பேசறதுதான் புரிய மாட்டேங்குது. ரிமோட்டைக் கையிலயே வச்சுக்கிட்டு ஏத்தி எறக்கிட்டே இருக்கேன்."

எனக்கு வேண்டியது இந்தக் கடைசிப் பேச்சுதான். ஸ்பீக்கரா, ரிசீவரா என்று கேட்டால் பொதுவாக ஒரு பதில் உண்டு: பெரும்பாலும் ஸ்பீக்கர்தான் முதலில். ஆனால் உங்கள் குறையை இப்படி ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தால், எந்தப் பெட்டியில் கை வைக்க வேண்டும் என்பதை அந்த வாக்கியமே காட்டிவிடும். சொல்லத் தெரியவில்லை என்றால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு இன்னும் நாலு படம் பாருங்கள்.

எந்தப் பெட்டிக்கு என்ன வேலை

ரிசீவரை நம் ஊரில் பலர் ஆம்ப் என்றே சொல்வார்கள். அது பாதிதான் சரி. ரிசீவருக்கு மூன்று வேலை. செட் டாப் பாக்ஸ், ப்ளூரே, கேம் கன்சோல் எல்லாவற்றின் ஒயரையும் தன்னிடம் வாங்கிப் படத்தை டிவிக்கு அனுப்புவது ஒன்று. டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வைத்திருக்கும் ஒலியைப் பிரித்து, முன் இடது, முன் வலது, நடு, பின்பக்கம் என்று பங்கு போடுவது இரண்டாவது; ஒவ்வொரு பங்கும் ஒரு சேனல். பங்கு போட்டதை ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பெருக்குவது மூன்றாவது. ஆம்ப் என்ற பெயர் இந்த மூன்றாவது வேலைக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஸ்பீக்கருக்கு ஒரே வேலை. வருகிற கரண்டுக்கு ஏற்றபடி ஒரு கூம்பை முன்னும் பின்னும் தள்ளிக் காற்றை அசைப்பது. கேட்க எளிதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், கஷ்டமான வேலை இதுதான். ஒரு சுமாரான ரிசீவர்கூடத் தன் வரம்புக்குள் ஓடும்போது ஒலியில் சேர்க்கும் கலப்படம் 0.1 சதவீதத்தைத் தாண்டாது. நல்ல ஸ்பீக்கரே பலத்த பேஸில் சில சதவீதம் கலப்படம் செய்யும். காகிதம், ரப்பர், காந்தம், மரப்பெட்டி என்று எல்லாம் சேர்ந்து ஆடுகிற இடம் அது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல் உண்டு.

அதனால்தான் ஒரே ஸ்பீக்கரை இரண்டு ரிசீவர்களில் மாற்றி மாற்றிப் போட்டு, சத்தத்தை ஒரே அளவில் வைத்து, அறைக்கேற்பத் திருத்தும் வசதிகளை அணைத்துவிட்டுக் கேட்டால், எது எது என்று சொல்லத் திணறுவீர்கள். ஒரே ரிசீவரில் இரண்டு ஜோடி ஸ்பீக்கரை மாற்றிப் போடுங்கள். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருப்பவர்கூட "என்ன மாத்தினீங்க?" என்று கேட்பார்.

மிருதங்கத்தை வைத்துச் சோதிப்பது என் வழக்கம். வலந்தலை (வலப்பக்கம்) கணீரென்று தனியாகவும், தொப்பி (இடப்பக்கம்) அடியில் உருண்டு தனியாகவும் கேட்க வேண்டும். மோசமான பாக்ஸில் இரண்டும் சேர்ந்து 'தொம் தொம்' என்று ஒரு தகர டப்பா ஆகிவிடும். எந்த விலை ரிசீவரை வாங்கிப் பின்னால் வைத்தாலும் அந்தத் தொம் போகாது.

வாட் கணக்கு

"பழைய ரிசீவர் 80 வாட்தான். 160 வாட் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகுமே?" ஆகாது. இந்த ஒரு தப்புக் கணக்கால் வீணான பணம் கொஞ்சநஞ்சமில்லை. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

ஸ்பீக்கரின் விவரத் தாளில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்பது அது. சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 86 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் உட்காரும் சோஃபா 3 மீட்டர் தள்ளி, அதாவது பத்தடி. தூரத்தால் திறந்த வெளியில் 9.5 டெசிபல் குறையும். வீட்டுக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 7 குறைகிறது என்று கொள்வோம். ஆக, ஒரே ஒரு வாட்டில் உங்கள் காதுக்கு 79 டெசிபல். இதுவே கணிசமான சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து பேசும் பேச்சு 60 டெசிபல் பக்கம்தான் இருக்கும்.

இனி சத்தம் ஏறும் விதம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றுவதற்கே ஏறக்குறைய அந்தப் பத்து டெசிபல் வேண்டும். நம் கணக்கில் 80 வாட் ரிசீவர் 98 டெசிபல் வரை போகும். பணம் கொட்டி 160 வாட் வாங்கினால் 101. அவ்வளவுதான். "கொஞ்சம் கூடுன மாதிரி இருக்கு" என்பீர்கள்.

அதே பழைய 80 வாட் ரிசீவரில் 90 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரை மாட்டுங்கள். 102 டெசிபல். நாலு டெசிபல் கூடுதல் என்பது ரிசீவரை இரண்டரை மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். அதாவது 200 வாட் ரிசீவர். சத்தம் போதவில்லை என்ற குறைக்குக்கூடப் பல நேரம் ஸ்பீக்கர்தான் மலிவான மருந்து. (சில கம்பெனிகள் இந்த எண்ணைத் தாராளமாகப் போடும். 86-க்கும் 87-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சண்டை போட வேண்டாம்.)

தியேட்டரில் ஒரு சேனலின் உச்ச சத்தம் 105 டெசிபல் வரை போகும்படி அளவு வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அந்த அளவில் கேட்பதில்லை. பதினைந்து, இருபது டெசிபல் குறைத்தே கேட்கிறோம். அதனால் சாதாரண ஹாலுக்கு 80 வாட் ஒழுங்கான ரிசீவர் தாராளம்.

'ஒழுங்கான' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரே ரிசீவருக்கு அட்டைப் பெட்டியின் மேல் 140 வாட் என்றும், உள்ளே இருக்கும் புத்தகத்தில் 80 வாட் என்றும் போட்டிருக்கும். இரண்டும் பொய்யில்லை. பெட்டி மேல் இருப்பது ஒரே ஒரு சேனலை மட்டும், 6 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு; எண் குறைந்தால் ஆம்ப்புக்குச் சுமை கூடும்), 1 கிலோஹெர்ட்ஸில், கலப்படம் தாராளமாக ஏறிய பிறகு அளந்தது. புத்தகத்தில் இருப்பது இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது, 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்தது. பின்னதை மட்டும் பாருங்கள். ஒரு காலத்தில் சென்னை ரிட்சி தெருவில் '5000 வாட் பிஎம்பிஓ' (ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லும் உச்ச வாட்) என்று மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிய செட்டுகள் அடுக்கி வைத்திருப்பார்கள். பின்னால் திருப்பிப் பார்த்தால் கரண்டு இழுப்பது 60 வாட் என்று சின்ன எழுத்தில் இருக்கும். 60 வாட் சாப்பிட்டு 5000 வாட் உழைக்கும் பிராணி எங்கும் இல்லை.

ரிசீவருக்கு வயதாகும் விதம் வேறு

ஸ்பீக்கரில் காலாவதி என்று ஒன்று அதிகம் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய நல்ல ஸ்பீக்கரை இன்றைய ரிசீவரில் மாட்டினால் பாடும். கூம்பின் ஓரத்தில் இருக்கும் வளையத்தை மட்டும் பார்க்க வேண்டும். ரப்பர் என்றால் பல காலம் வரும். ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரமே, விரல் பட்டால் பிஸ்கட் போல உதிரும். உதிர்ந்தாலும் புது வளையம் ஒட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ரிசீவர் கிட்டத்தட்ட ஒரு கம்ப்யூட்டர். படமும் ஒலியும் ஒரே ஒயரில் போகும் எச்டிஎம்ஐ இணைப்பு மாறிக்கொண்டே இருக்கும். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ல் ஏஆர்சி வந்தது. டிவியிலிருந்து சத்தம் அதே ஒயரில் திரும்பி ரிசீவருக்கு வரும் வழி அது. 2013-ல் எச்டிஎம்ஐ 2.0, 4கே படம் விநாடிக்கு 60 பிரேம் போக வழி. 2017-ல் 2.1, இஏஆர்சி (முழுத் தர ஒலியையும் கொண்டுவரும் ஏஆர்சி), 4கே 120 எல்லாம் அதில்தான். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி அட்மாஸ் ரிசீவர்களுக்குள் வந்தது 2014-ல். ஒவ்வொரு முறையும் முந்தையது பழசாகிறது. முதல் ஆளாக ஓடிப்போய் வாங்குவதும் ஆபத்துதான்: 2020-ல் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 ரிசீவர்கள் சிலவற்றில் சிப்பிலேயே கோளாறு. புதிய கேம் கன்சோலிலிருந்து 4கே 120 அனுப்பினால் திரை கறுத்துப்போனது.

என் பார்வை இது: ரிசீவர் வாங்குவதை எவ்வளவு தள்ளிப் போடுகிறீர்களோ, அவ்வளவுக்கு அதே பணத்தில் அதிகம் கிடைக்கும். ஸ்பீக்கரை இன்றைக்கு வாங்கினாலும் ஐந்து வருடம் கழித்து வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்றைக்கே வாங்கி அந்த ஐந்து வருடத்தையும் கேட்டு அனுபவிக்கலாம். பழைய பொருள் வாங்குவதிலும் இதே கணக்குதான். பழைய ஸ்பீக்கரைத் தைரியமாக வாங்குவேன். பழைய ரிசீவர் என்றால் எல்லா எச்டிஎம்ஐ ஓட்டையிலும் ஒயரைச் செருகிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்; இடி மின்னலில் முதலில் போவது அந்த போர்டுதான்.

"புது 4கே டிவி வாங்கிட்டேன், பழைய ரிசீவர் 4கே எடுக்காது, அதனால் மாத்தியே ஆகணும்" என்பார்கள். அவசியமில்லை. ரிசீவர் வழியாகப் படம் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஃபயர் ஸ்டிக்கையோ பிளேயரையோ நேராக டிவியில் செருகுங்கள். டிவியிலிருந்து ஏஆர்சி ஒயரிலோ, ஆப்டிகல் ஒயரிலோ சத்தத்தை மட்டும் ரிசீவருக்கு அனுப்புங்கள். டால்பி டிஜிட்டல் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர்) அதில் பத்திரமாக வந்து சேரும். டிவி செட்டிங்கில் ஒலி வெளியீடு பிசிஎம் என்று இருந்தால் இரண்டு சேனல்தான் வரும். அதை டால்பி டிஜிட்டல் அல்லது ஆட்டோ என்று மாற்றிவிடுங்கள். இதற்குச் செலவு ஒரு ஒயர்.

மச்சான் வீட்டு ஹால்

இரண்டு நாள் கழித்துத் திருச்சிக்கே போனேன். ஹால் பன்னிரண்டுக்குப் பதினாறு அடி. தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடு ஸ்பீக்கரைத் தேட வேண்டியிருந்தது. டிவி யூனிட்டின் கீழ்த்தட்டில், ஓர் அடி உள்ளே தள்ளி, செட் டாப் பாக்ஸுக்குப் பின்னால் இருந்தது. அதன் எதிரில் ஒரு தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. சண்டைக் காட்சி வந்தபோதெல்லாம் அது தலையாட்டிக்கொண்டிருந்தது.

படத்தில் பேச்சில் பெரும்பங்கு நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அதன் சத்தம் தட்டின் மேல்பலகையிலும் பொம்மையிலும் மோதிவிட்டு, மிச்சம் உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வெளியே இழுத்துத் தட்டின் விளிம்புக்குச் சமமாக வைத்தோம். முன்பக்கம் ஒரு அழிரப்பரைச் செருகி, காதைப் பார்க்கும்படி சாய்த்தோம். பொம்மை ஷோகேஸுக்குப் போனது.

அடுத்து ஒயர். முன் ஜோடியில் பாட்டு போட்டால் பாடகர் நடுவில் நிற்க வேண்டும். இங்கே அவர் சுவரெல்லாம் பரவி நின்றார், பேஸும் மெலிந்திருந்தது. ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் இப்படித்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் சோதிப்பது சுலபம். ரிசீவரை அணைத்து, அந்த ஸ்பீக்கரின் ஒயர்களை ரிசீவர் பக்கம் கழற்றுங்கள். ரிமோட்டிலிருந்து ஒரு பென்சில் பேட்டரியை எடுத்து, பிளஸ் ஒயரைப் பிளஸ்ஸிலும் மைனஸ் ஒயரை மைனஸ்ஸிலும் ஒரு நொடி தொடுங்கள். 'டப்' என்று கூம்பு வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் வழியில் எங்கோ மாறியிருக்கிறது. வலது பக்கக் கூம்பு உள்ளே போனது. எட்டு வருடமாக அது உள்ளேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

கடைசியாக மைக். ரிசீவர் வந்த அட்டைப் பெட்டியை லாஃப்டிலிருந்து இறக்கினோம். உள்ளே ஒரு சின்ன மைக், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல். இதை நான் பார்த்த பாதி வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆடிஸி, ஒய்பிஏஓ, டிராக் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் சொல்வார்கள், வேலை ஒன்றுதான். மைக்கைச் சோஃபாவில் உங்கள் காது உயரத்தில் வைத்தால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'ஊஊய்' என்று ஒரு சத்தம் விட்டு, எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு சத்தம் என்று அளந்து சரிசெய்யும். அறை எந்த இடத்தில் ஊதிக் காட்டுகிறது என்று பார்த்து அதையும் கொஞ்சம் தணிக்கும். மைக்கைச் சோஃபா முதுகில் சாய்த்து வைக்கக் கூடாது. போன் ஸ்டாண்டு எதிலாவது நிறுத்துங்கள். ஃபேன், ஏசி அணைத்திருக்க வேண்டும். எங்கள் முதல் முயற்சியை குக்கர் விசில் கெடுத்தது. இரண்டாவது முயற்சியில் முடிந்தது. பிறகு நடு ஸ்பீக்கரை மட்டும் கையால் 2 டெசிபல் ஏற்றினேன்.

அன்று இரவு படம் பார்த்தபோது ரிமோட் டீபாய் மேலேயே கிடந்தது. செலவு ஒரு அழிரப்பர்.

இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் குறை எதுவாக இருந்தாலும் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை இப்படிச் செலவழியுங்கள் என்பதற்காகத்தான். ஹாலின் நடுவில் நின்று கையைத் தட்டிப் பாருங்கள். 'டிர்ர்' என்று சுவர் பதில் சொன்னால், வசனத்தை விழுங்குவது அறைதான். ஒரு கனமான ஜமுக்காளம், தடித்த திரைச்சீலை, ஓரமாக ஒரு புத்தக அலமாரி, இவை செய்வதை எந்த ரிசீவராலும் செய்ய முடியாது.

ஸ்பீக்கர் கேட்கும் வாக்கியங்கள்

"மெதுவா வச்சாலும் அடிமண்டி மாதிரி கலங்கலா இருக்கு." "வீணையும் கிட்டாரும் ஒண்ணு போலவே கேட்குது." "பேச்சு டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு." குறைந்த சத்தத்திலேயே குறை தெரிகிறதா என்பதுதான் முக்கியம். குறைந்த சத்தத்தில் ரிசீவருக்கு வேலையே இல்லை, ஒரு வாட்கூட ஓடாது. அப்போதும் நன்றாக இல்லை என்றால் ஸ்பீக்கர், அல்லது அது நிற்கும் இடம்.

வாங்கும்போது முன்பக்கம் மூன்றையும், இடது, வலது, நடு, ஒரே வரிசையில் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். நடு ஸ்பீக்கர் மட்டும் வேறு என்றால், திரையில் இடமிருந்து வலமாக நடக்கும் ஆளின் குரல் நடுவில் வந்ததும் ஜலதோஷம் பிடித்தது போல மாறும். பின்பக்க ஸ்பீக்கர்களைக் கடைசியாக மாற்றினால் போதும், பழசே ஓடட்டும்.

"அதிரவே மாட்டேங்குது" என்றால் சப்வூஃபர். அது தன் ஆம்ப்பைத் தன்னோடு கொண்டுவரும் என்பதால் ரிசீவருக்குச் சுமையும் குறையும். எல்லா ஸ்பீக்கரையும் ரிசீவரில் 'ஸ்மால்' என்று அமைத்து, க்ராஸோவரை, அதாவது ஒலியைப் பிரித்துவிடும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கரண்டை அதிகம் உறிஞ்சும் பேஸ் வேலை சப்வூஃபருக்குப் போய்விடும்.

வாங்கியும் சப்வூஃபர் ஊதுகிறது, அல்லது ஒன்றுமே கேட்கவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அறையின் நீளமே காரணமாக இருக்கும். பன்னிரண்டடி என்றால் 3.66 மீட்டர், ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், இரண்டு எதிர்ச்சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஓர் அலை மாட்டிக்கொண்டு நிற்கும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்தச் சுருதி மட்டும் மலையாகக் கேட்கும், அறை நடுவில் காணாமல் போகும். இதற்கு ஒரு கூத்தான வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோஃபாவில் வைத்து, பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த மூலையில் பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது செய்தால் அவர்களும் தவழ வருவார்கள்.

ரிசீவர்தான் முதலில் என்னும்போது

சில இடங்களில் ஸ்பீக்கரை முதலில் வாங்குவது சுத்த தண்டம். முதலாவது, எல்லாம் ஒரே பெட்டியில் வந்த ஹோம் தியேட்டர் செட். டிவிடி பிளேயரோடு ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும் வந்திருக்குமே, அது. அதன் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 ஓம், பிளக்கும் அந்தக் கம்பெனிக்கே உரிய கலர் பிளக். வூஃபருக்குள் ஆம்ப் கிடையாது, செட்டிலிருந்தே கரண்டு வாங்கும். அதில் நல்ல ஸ்பீக்கரை மாட்ட ஒயரை வெட்டி ஒட்டிப் போராடினாலும் அந்தச் சின்ன ஆம்ப் அதை ஓட்டாது. தனி சப்வூஃபருக்கு ஒயர் செருகும் லைன் அவுட்டும் பல செட்டுகளில் இருக்காது. இங்கே ரிசீவரோடு தொடங்குவதுதான் வழி. கையில் காசு குறைவு என்றால் ஒரு ரிசீவர், முன்பக்கத்துக்கு ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், இவ்வளவே போதும். மற்றவை பொங்கலுக்கு ஒன்று, அடுத்த தீபாவளிக்கு ஒன்று என்று சேரட்டும். சவுண்ட்பார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை, மாற்றினால் மொத்தமாகத்தான்.

இரண்டாவது, "மெதுவா வச்சா அருமை, ஏத்தினா காதைக் குத்துது" என்ற வாக்கியம். ரிசீவருக்கு மூச்சு வாங்கும்போது ஒலி அலையின் தலையைச் சீவிவிடும். பெரிய ஹால், 4 ஓம் ஸ்பீக்கர், சின்ன ரிசீவர் மூன்றும் சேர்ந்தால் இது நடக்கும். அப்படியே ஓட்டினால் ட்வீட்டர் (உயர்ந்த சுருதி பாடும் சின்னக் கூம்பு) கருகும். ட்வீட்டரைக் கொல்வது பெரிய ஆம்ப் மட்டுமல்ல, மூச்சு முட்டும் சின்ன ஆம்ப்பும்தான். பலத்த காட்சியில் ரிசீவர் தானாக அணைந்து 'ப்ரொடெக்ட்' என்று காட்டினால், முதலில் பின்பக்கம் ஒயரின் ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறதா என்று பாருங்கள். காற்றுப் போக வழியில்லாத கண்ணாடி ஷோகேஸில் வைத்திருந்தால் அதுவும் காரணம். என் முதல் ரிசீவருக்குள் ஒரு பல்லி நுழைந்து தன்னையும் போர்டையும் சேர்த்து முடித்துக்கொண்டது. அந்தக் குறைக்கு வாக்கியமே தேவைப்படவில்லை. ப்ரீ அவுட் (பெருக்காத ஒலியை வெளியே தரும் ஓட்டை) உள்ள ரிசீவராக இருந்தால், அதை மாற்றாமல் முன்பக்கத்துக்கு மட்டும் தனி பவர் ஆம்ப் சேர்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, உங்களுக்கு வேண்டியதைச் செய்ய ரிசீவரில் வழியே இல்லாதபோது. அட்மாஸில் தலைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர் என்றால் 5.1.2, அதற்கு ஏழு சேனல் ஆம்ப்பும், அட்மாஸைப் பிரிக்கத் தெரிந்த ரிசீவரும் வேண்டும். ஐந்து சேனல் ரிசீவரை என்ன கெஞ்சினாலும் ஆறாவது சேனல் தராது. மேல்நோக்கிப் பாடி, கூரையில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர்களும் கிடைக்கின்றன. கான்கிரீட் கூரை தட்டையாக இருந்தால் அவை நன்றாகவே வேலை செய்யும். ஓட்டு வீட்டிலும், படி படியாக வெட்டிய ஃபால்ஸ் சீலிங்கிலும் ஒலி கண்ட இடத்தில் சிதறும். நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் அட்மாஸ், ஏஆர்சி வழியாகவே வரும். ப்ளூரே தட்டிலிருந்து முழுத் தரத்தில் டிவி வழியாக வர வேண்டும் என்றால் இஏஆர்சி தேவை.

புதிதாக எல்லாமே வாங்குகிறவர் கேட்டால், மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒதுக்கச் சொல்வேன். 90,000 ரூபாய் என்றால் 60,000 அங்கே. கடையில் கேட்கும்போது நன்றாகத் தெரிந்த ஒரு குரலை போனில் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் 'நல்லா' இருப்பது போலத் தோன்றும். விற்பவர் அதைத் தெரிந்தே செய்கிறார் என்று சொல்லவில்லை, நாப் அவர் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

மச்சான் போனஸில் முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர் வாங்கினார். வசனம் புரிந்த பிறகுதான் பழைய பாக்ஸின் மண்டி அவருக்கே கேட்க ஆரம்பித்தது. ரிசீவர் அதேதான், இப்போது ஒன்பது வயது. போன வாரம் மறுபடி போன். "மழை வர்ற சீன்ல மேல இருந்து பெய்யற மாதிரி வரணும் மாப்ள. நம்மகிட்ட வரல."

அவருடைய ரிசீவரில் ஐந்து சேனல்தான். இந்த முறை வாக்கியம் ரிசீவரைக் கேட்கிறது. கூரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.